ஆண்டுக்கு இருபது பவுண்டு: ஹென்றி ராய்ஸ் என்னும் தொழிலாளி

கழகத்தின் இவ்வாண்டு மலருக்கு மறைந்த சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பாரதியாரைப் பற்றியும் துன் சம்பந்தனாரைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் கழகத்தில் பலர் உண்டு. நான் இயந்திரவியல் படித்தவன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்குள்ள பட்டறையின் எண்ணெய் வாடையிலேயே வளர்ந்தவன். எனவே எனக்குத் தெரிந்த துறையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் தமிழர் அல்லர்; ஆங்கிலேயர். ரோல்ஸ் ராய்ஸ் என்று உலகமே உச்சரிக்கும் பெயரின் பின்பாதி அவருடையது. முன்பாதிக்கு உரியவர் ஒரு பிரபுவின் மகன். பின்பாதிக்கு உரியவரோ பத்து வயதில் இலண்டன் தெருவில் செய்தித்தாள் விற்ற ஏழைச் சிறுவன்.

பள்ளிக்கூடம் போகாமலேயே மேதையானவர் என்று ராய்ஸை மேடைகளில் புகழ்வதுண்டு. தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கதைகளைச் சொல்வதில் நம்மவர்க்குத் தனி ஆர்வம். அந்தக் கதை பொய்யன்று, ஆனால் பாதிதான். மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத இசைந்தேன்.

பிரெடரிக் ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27-ஆம் நாள், இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகில் ஆல்வால்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை குத்தகைக்கு எடுத்து நடத்திய மாவு ஆலை நொடித்துப் போயிற்று. குடும்பம் பிழைப்புத் தேடி இலண்டனுக்குப் போனது. 1872-இல் தந்தை இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. அதன்பின் செய்தித்தாள் விற்றார். அஞ்சல் நிலையத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக ஓடினார். முறையான பள்ளிப்படிப்பு என்று அவருக்குக் கிடைத்தது மொத்தத்தில் ஓராண்டு அளவே.

இங்கேதான் மேடைப் பேச்சாளர்கள் விரைந்து தாண்டிவிடும் ஓர் இடம் வருகிறது. ராய்ஸுக்குப் பதினைந்து வயதாகும்போது அவருடைய அத்தை ஒருவர் முன்வந்தார். பீட்டர்பரோவில் இருந்த பெரும் வடபுல இரயில்வேயின் பட்டறையில் தொழில் பழகச் சேர்வதென்றால் ஆண்டுக்கு இருபது பவுண்டு கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அத்தை கட்டினார். பையன் பட்டறைக்குள் நுழைந்தான். தங்கியிருந்தது ஓர் இரயில்வே தொழிலாளியின் வீட்டில். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் கடைசல் இயந்திரம் ஒன்று. பகலில் இரயில்வே பட்டறை, மாலையில் கொட்டகை. அரத்தைப் பிடிப்பது, இரும்பைச் சமன்செய்வது, ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு இழையும்போது விரல் நுனியில் என்ன தெரியும் என்பது, இவையெல்லாம் ராய்ஸின் கைக்குள் புகுந்த காலம் அதுதான்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. அத்தையிடம் பணம் தீர்ந்தது. தொழிற்பயிற்சியும் நின்றது. முழுப் பயிற்சி முடித்த சான்று இல்லாததால் அவரை முழுத் தொழிலாளியாக ஏற்றுக்கொள்ள எந்தப் பட்டறையும் ஆயத்தமாக இல்லை. வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். லீட்ஸ் நகரில் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் வாரம் பதினொரு ஷில்லிங் கூலிக்கு அமர்ந்தார்.

இந்த இடத்தில் என் தந்தையாரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அவர் தோட்டப் பட்டறையில் லோரிகளையும் தேயிலை ஆலையின் இயந்திரங்களையும் பழுது பார்த்தவர். பதின்மூன்று வயதில் கையாளாகச் சேர்ந்தார். திருப்புளியின் ஒரு முனையை இயந்திரத்தின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வயதில், கீழே சமவெளியில் இருந்த ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் செலவுக்குக் கொழுந்து பறிக்கும் பாட்டியின் சம்பளம் போதவில்லை. போகவில்லை. பிற்காலத்தில் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞர்கள் சான்றிதழோடு வந்து அவருக்கு மேல் படியில் சம்பளம் வாங்கினார்கள். அவர் ஓய்வுபெறும் நாள் வரை சம்பளப் பட்டியலில் கையாள் என்றே இருந்தார். ராய்ஸ் லீட்ஸில் வாங்கிய பதினொரு ஷில்லிங் எனக்கு வெறும் எண்ணாகப் படாததற்குக் காரணம் இதுவே.

ராய்ஸ் அந்த நிலையிலிருந்து மீண்டதற்கு மேதைமை மட்டுமே காரணமாகாது. காலமும் துணை நின்றது. 1880-களின் தொடக்கத்தில் மின்சாரம் புதுத்தொழில். பழைய தொழில்களில் கேட்ட சான்றை அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படியொரு சான்று இன்னும் பிறக்கவே இல்லை. இலண்டனில் மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மாலை வகுப்புகளில் மின்னியல் படித்தார். நிறுவனம் அவரை லிவர்பூலுக்கு அனுப்பித் தெருவிளக்குகளையும் நாடக அரங்க விளக்குகளையும் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. 1884-இல், இருபத்தொரு வயதில், தாம் சேமித்த இருபது பவுண்டோடும் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் என்ற நண்பர் போட்ட ஐம்பது பவுண்டோடும் மான்செஸ்டரின் குக் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அத்தை ஆண்டுதோறும் கட்டிய அதே இருபது பவுண்டு!

மின்மணிகளில் தொடங்கி, மின்னாக்கி, மின்னோடி, பளுதூக்கி என்று பட்டறை வளர்ந்தது. பளுதூக்கிகள் நல்ல பெயர் எடுத்தன. அவர் சாப்பாட்டை மறந்து வேலை செய்வாராம்; ஒரு பையன் பால் குவளையோடு அவர் பின்னால் திரிந்துகொண்டே இருப்பானாம். 1893-இல் மின்னி பண்ட் என்ற பெண்ணை மணந்தார். கிளேர்மாண்டும் அப்பெண்ணின் சகோதரியை மணந்தார். போயர் போர் முடிந்த கையோடு வணிகம் சுருங்கியது. வெளிநாட்டுச் சரக்குகள் மலிவாக வந்து குவிந்தன. நாற்பதை எட்டுமுன் ராய்ஸின் உடம்பும் ஒடிந்தது. மாற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போய் வந்தார்.

திரும்பியதும் பழைய கார் ஒன்றை வாங்கினார். பிரான்சில் செய்த டெக்கோவில். இரண்டு சிலிண்டர். அது சத்தம் போட்டது, அதிர்ந்தது, நினைத்தபோது நின்றது. வேறு யாராக இருந்தாலும் விற்றுத் தலைமுழுகியிருப்பார்கள். ராய்ஸ் அதைத் திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தார். பிறகு தாமே ஒரு கார் செய்தார். 1904 ஏப்ரல் முதல் நாள் அது தெருவில் இறங்கியது. அதில் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. எல்லாரும் செய்ததையே அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். ஐம்பது பேர் தேடும் புதுமையைவிட ஒருவர் செய்யும் ஒழுங்கு அரிது என்பது என் கருத்து. பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அந்தக் காரின் பேச்சு சார்ல்ஸ் ரோல்ஸின் காதுக்குப் போனது. ரோல்ஸ் லாங்கட்டாக் பிரபுவின் மூன்றாம் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர், இலண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர். 1904 மே 4-ஆம் நாள் அவர் மான்செஸ்டருக்கு வந்து மிட்லண்ட் ஓட்டலில் ராய்ஸைச் சந்தித்தார். ராய்ஸ் செய்யும் கார் எல்லாவற்றையும் ரோல்ஸ் விற்பது என்று முடிவாயிற்று. 1906 மார்ச்சில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முறையாகப் பிறந்தது. பிரபுவின் பெயர் முன்னால், தொழிலாளியின் பெயர் பின்னால். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்துப் பெயர்ப்பலகைகள் அப்படித்தான் எழுதப்பட்டன.

இனி ஆறு சிலிண்டருக்கு வருவோம். பொறியியல் படிக்காத நண்பர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். ராய்ஸின் பெருமை இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஓர் உரலில் ஒருத்தி மட்டும் நெல் குத்தினால் ‘தொம்’ என்று ஓர் ஓசை, பிறகு ஓர் இடைவெளி, மறுபடியும் ‘தொம்’. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் இடைவெளி குறைகிறது. இயந்திரத்திலும் இதே கணக்குத்தான். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும்போது பிஸ்டன் கீழே தள்ளப்பட்டு, அடியில் இருக்கும் கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் தண்டு அரைச்சுற்று சுற்றுவதற்கு ஒரு வெடிப்பு. ஆறு இருந்தால் மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஒன்றின் உந்துதல் ஓயுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் இரண்டு பிஸ்டன்கள் உச்சியிலும் இரண்டு அடியிலும் நிற்கும் ஒரு கணத்தில் நான்குமே நின்று புறப்படுகின்றன. அந்த உலுக்கல் வண்டி முழுவதும் பரவும். நேர்வரிசையில் ஆறு இருக்கும்போது ஒன்றின் உலுக்கலை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. குவளையில் நீரை வைத்து இயந்திரத்தின் மேல் நிறுத்தினால் அலை எழாது என்று பழுது பார்ப்பவர்கள் பெருமை பேசுவது இதனால்தான்.

ஆனால் ஆறு சிலிண்டருக்கு ஒரு சாபமும் இருந்தது. ஆறு என்றால் தண்டு நீளம். நீளமான தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு மீளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவதுபோல, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வெடிப்பின் தாளமும் முறுக்கின் தாளமும் ஒத்துப்போகும்போது இயந்திரமே நடுங்கும். தண்டு முறிந்தும் போகும். அக்காலத்து ஆறு சிலிண்டர்க் கார்கள் பல இதில் பெயர் கெட்டன. ராய்ஸ் முதலில் செய்த முப்பது குதிரைத்திறன் காரும் தப்பவில்லை. அதன் தண்டு மெல்லியது. வாங்கியவர்கள் குறைகூறினார்கள்.

ராய்ஸ் ஆறு சிலிண்டரைக் கைவிடவில்லை. புதிதாக ஓர் இயந்திரம் வரைந்தார். தண்டை மிகவும் தடிப்பாக்கினார். அதை ஏழு தாங்கிகளின் மேல் அமர்த்தினார். ஆறு சிலிண்டர்களையும் மும்மூன்றாக இரண்டு வார்ப்புகளாகச் செய்து, முதுகோடு முதுகு வைத்த இரு மூன்று சிலிண்டர் இயந்திரங்களைப் போல நடத்தினார். தாங்கிகளுக்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாக அல்லாமல் அழுத்தத்தோடு ஓடியது. 1906-இன் இறுதியில் இலண்டன் கண்காட்சிக்கு வந்த இந்த 40/50 குதிரைத்திறன் கார்தான் பின்னாளில் ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர் பெற்றது. இயந்திரத்தின் கொள்ளளவு 7,036 கன சென்டிமீட்டர். 1907-இல், வெள்ளி வண்ணம் பூசிய ஒரு வண்டியை இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 14,371 மைல் தூரம் இயந்திரக் கோளாறால் நிற்காமல் ஓடியது. பிறகு அதைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்த பாகங்களைப் புதிதுபோல் ஆக்க ஆன செலவு இரண்டு பவுண்டு சொச்சம். நிறுவனத்தின் நிர்வாகி கிளாட் ஜான்சன் செய்த விளம்பரம் இது. விளம்பரத்திற்குப் பின்னால் சரக்கும் இருந்தது.

மறு ஆண்டே பம்பாயிலிருந்து கோலாப்பூர் வரை மலைக்கணவாய்கள் வழியாக நடந்த போட்டியில் இவ்வகை வண்டி ஒன்று ஓடி வென்றது. மலைப்பாதை ஏறுவதில் இந்த வகை இயந்திரம் எவ்வளவு வல்லது என்பதை இந்திய மன்னர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

ரோல்ஸ் 1910 ஜூலையில் போர்ன்மத் நகரில் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். வயது முப்பத்திரண்டு. ராய்ஸ் மறு ஆண்டு கடுமையாக நோயுற்றார்; 1912-இல் பெரிய அறுவை சிகிச்சை. தப்பினாலும் பழைய உடம்பு திரும்பவில்லை. மனைவியோடு வாழ்ந்த வாழ்வும் அத்தோடு முடிந்தது. எத்தல் ஆபின் என்ற செவிலியர் எஞ்சிய இருபது ஆண்டுகளும் அவரைப் பார்த்துக்கொண்டார். தொழிற்சாலை 1908-இலேயே டார்பி நகருக்குப் போய்விட்டது. நோய்க்குப் பிறகு ராய்ஸ் அங்கே போய் வேலை செய்ததில்லை. குளிர்காலத்தில் தென்பிரான்சின் கடலோரத்தில் ஒரு வீடு. மற்ற நாள்களில், 1917-க்குப் பின், சஸக்ஸ் கடற்கரையில் வெஸ்ட் விட்டரிங் என்ற ஊர். சிறு வரைவாளர் குழு ஒன்று பக்கத்திலேயே குடியிருந்தது. படங்கள் அஞ்சலில் டார்பிக்குப் போகும். செய்த பாகங்கள் அங்கிருந்து வரும். அவர் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். முதல் உலகப் போருக்குப் பின் அவர் இறக்கும்வரை ரோல்ஸ் ராய்ஸ் வெளியிட்ட புதிய கார்கள் எல்லாம் இப்படி, தொழிற்சாலைக்கு வராத ஒரு நோயாளியின் படுக்கையோரத்தில் பிறந்தவை.

அந்தக் காலம் ஆறு சிலிண்டரின் பொற்காலம். 1922-இல் ‘இருபது குதிரை’ என்ற சிறிய வண்டி, 1925-இல் பெரிய ‘ஃபாண்டம்’, 1929-இல் இரண்டாம் ஃபாண்டமும் 20/25-உம். அனைத்தும் நேர்வரிசை ஆறு. பென்ட்லி நிறுவனத்தின் ‘ஸ்பீட் சிக்ஸ்’ 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்றது. பென்ட்லி 1931-இல் கடனில் மூழ்கியபோது அதை ரோல்ஸ் ராய்ஸே வாங்கிக்கொண்டது. எளிய வீடுகளுக்கும் ஆறு இறங்கி வந்தது. 1930-இல் வந்த வூல்ஸ்லி ஹார்னெட்டின் இயந்திரம் 1,271 கன சென்டிமீட்டர்தான். அதிலும் ஆறு சிலிண்டர்!

இதற்குப் பின்னால் ஒரு வரி வேடிக்கை இருக்கிறது. பிரிட்டனில் 1921 முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு என்று கார் வரி. அந்தக் குதிரைத்திறனை அளந்தது இயந்திரத்தின் உண்மையான பலத்தால் அன்று. சிலிண்டரின் அகலத்தை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்தார்கள். நீளம் கணக்கில் இல்லை. ஆகவே பிரிட்டிஷ்காரர்கள் சிலிண்டரை ஒடுக்கி நீளமாக்கினார்கள், மூங்கில் குழாய்போல. ராய்ஸின் ‘இருபது குதிரை’யில் அகலம் மூன்று அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் நாலரை அங்குலம். கணக்குப் போட்டால் 21.6 வரும். வரி குறைந்தது. தீவின் சாலைகளுக்கு அது பொருந்தியது. கடல் கடந்த நாடுகளின் கரடுமுரடான பாதைகளிலோ அகலச் சிலிண்டர் கொண்ட அமெரிக்கக் கார்கள் முந்திக்கொண்டன.

அப்படிப்பட்ட பாதைகளில் ஒன்றுதான் தாப்பாவிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் சாலை. ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. 1920-களின் பிற்பகுதியில் வெட்டத் தொடங்கி, 1930-களின் தொடக்கத்தில் வண்டிகள் ஓடலாயின. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பழகிய மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவி உருளையையும் வைத்துக்கொண்டு காடு வெட்டியதாகத் தோட்ட வரலாறு சொல்லும். கழுதைக்கும் உருளைக்கும் இடையில் இருந்த கைகள் யாருடையவை என்பது இம்மலர் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ‘இருபது குதிரை’ வண்டியின் அடிச்சட்டமும் இயந்திரமும் மட்டும் 1922-இல் 1,100 பவுண்டு. மேற்கூட்டை வேறொருவரிடம் தனியாகப் பணம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் 1920-களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உட்பகுதியான பகாங்கில் சற்றே கூடுதல். பிறகு உலகமந்தம் வந்து எல்லா இடத்திலும் குறைத்துவிட்டார்கள். அன்றைய ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். ஐம்பது காசு என்றால் பதினான்கு பென்ஸ். மாதத்திற்கு இருபத்தாறு நாள் வேலை என்று வைத்தால், ஓர் ஆண் தொழிலாளி ஒரு காசும் செலவழிக்காமல் அறுபது ஆண்டுகள் உழைத்தால்தான் அந்த இயந்திரமும் அடிச்சட்டமும் அவருடையதாகும். மேற்கூடு இல்லாமல்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ராய்ஸை வெறுக்கலாமா? ஒரு நண்பர் அப்படித்தான் கேட்டார். துரைமார்களுக்கும் மன்னர்களுக்கும் வண்டி செய்தவரைப் பற்றி நமக்கென்ன என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் அங்கே துரை இல்லை. அரத்தால் இழைத்த ஓர் உலோகப் பரப்பு இருக்கிறது. அதை இழைக்கக் கற்றவன் ஆண்டுக்கு இருபது பவுண்டு கட்ட முடியாமல் பட்டறையை விட்டு வெளியேறிய பையன். பட்டம் பெற்ற பிறகும் ராய்ஸ் தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். அதைப் பணிவு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பணிவாகத் தோன்றவில்லை. பாதியில் பறிபோன ஒரு தகுதியை வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுக்காமல் உரிமை கொண்டாடியதாகவே படுகிறது.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். உழைப்பு அவருடைய உடம்பைத் தின்றது, குடும்பத்தைத் தின்றது. சரியாக இல்லாத வேலையைக் கண்டால் கொஞ்சமும் பொறுக்காதவர். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. அவருக்குக் கைகொடுத்த அத்தையைப்போல அவருடைய பட்டறை வாசலில் நின்ற எத்தனை பையன்களுக்கு அத்தை இருந்தார் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. ஓராண்டுப் பள்ளிப்படிப்போடு உலகப் புகழ் அடைந்தவர் ஒருவர். அதே ஓராண்டோடு வாரம் பதினொரு ஷில்லிங்கிலேயே நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒருவரைக் காட்டி மற்றவர்களிடம் பள்ளி எதற்கு என்று சொல்வது கொடுமை.

முதல் உலகப் போர் வந்தபோது அரசாங்கம் விமான இயந்திரம் கேட்டது. ராய்ஸ் ‘ஈகிள்’ இயந்திரத்தை வரைந்தார். பன்னிரண்டு சிலிண்டர். ஆறு ஆறாக இரண்டு வரிசைகளை ஒரே தண்டின் மேல் சாய்த்துப் பொருத்தியது அது; பழைய ஆறு இங்கே இரட்டைப் பிள்ளையாயிற்று. 1919 ஜூனில் ஆல்காக்கும் பிரௌனும் அட்லாண்டிக் கடலை எங்கும் நில்லாமல் முதன்முதல் விமானத்தில் கடந்தபோது அவர்களைச் சுமந்தவை இரண்டு ஈகிள் இயந்திரங்கள். 1928-இல் ஒருநாள், வெஸ்ட் விட்டரிங் கடற்கரையில் பொறியாளர்களோடு நடந்துகொண்டே கைத்தடியால் மணலில் ஒரு புதிய இயந்திரத்தை வரைந்து காட்டினார் என்பார்கள். அந்த ‘ஆர்’ இயந்திரம் 1929-இலும் 1931-இலும் ஷ்னைடர் கோப்பைப் பறப்புப் போட்டியை வென்றது. 1931 செப்டம்பரில் மணிக்கு 400 மைல் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய விமானத்தையும் அதுவே செலுத்தியது. 1930-இல் அரசர் அவருக்குப் பேரனெட் பட்டம் அளித்தார். பிள்ளை இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது.

ராய்ஸ் 1933 ஏப்ரல் 22-ஆம் நாள் வெஸ்ட் விட்டரிங்கில் காலமானார். வயது எழுபது. போ தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸலும் அதே 1933-இல்தான் மறைந்தார். ராய்ஸ் இறந்த ஆறு மாதத்தில், அக்டோபரில், அவருடைய நிறுவனத்தில் ஒரு புதிய பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் முதன்முதலாக ஓடியது. மெர்லின் என்று பெயர் பெற்று, 1940-இல் பிரிட்டன் வானத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களைத் தூக்கிப் பிடித்தது அதுதான்.

காரின் முகப்பில் இருக்கும் இரண்டு ‘ஆர்’ எழுத்துகள் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறியது அவருக்குத் துக்கம் காக்கத்தான் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அழகான கதை, உண்மையன்று. எந்த நிறக் காருக்கும் பொருந்துவது கறுப்புதான் என்று அவர் இருக்கும்போதே முடிவாகிவிட்டது. அவருடைய சாம்பலை முதலில் டார்பி தொழிற்சாலையில் அவர் சிலையின் அடியில் வைத்தார்கள். 1937-இல் அதை எடுத்து, தந்தையின் மாவு ஆலை நொடித்துப்போன அதே ஆல்வால்ட்டன் ஊரின் தேவாலயத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.